பன்னிரண்டரை சென்டிமீட்டர்

பிப்ரவரி 6

தம்பிக்கு,

ஃபோனில் சொன்னால் "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். மூன்று தடவை ஆயிற்று. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். அளவு நோட்டின் ஏழு பக்கங்களை நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன், பார்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி உன் ப்ரோக்ராம் எங்கள் அறைக்கு வந்தது. அதுவரை நான் கையால் கழித்துப் போட்ட கணக்குதான். வேலை என்ன என்று உனக்கே மறந்திருக்கும் என்பதால் சொல்கிறேன். சாலையை ஒட்டி, மலையைத் தாங்கி நிற்கிற நானூறு மீட்டர் தடுப்புச் சுவர். அதில் முப்பத்தாறு கண்ணாடிக் குறிகள். திங்கட்கிழமை காலையில் எதிர்ப்பக்கத் தூணில் கருவியை வைத்து, ஒவ்வொரு குறியும் எங்கே இருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவேன். நம் கருவி கிழடு, அதற்கு நினைவு கிடையாது. திரையில் காட்டும், நான் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அறைக்கு வந்து அந்த எண்களைத் தட்டச்சு செய்வேன். எந்தக் குறி எவ்வளவு நகர்ந்தது என்று உன் ப்ரோக்ராம் படம் போடும். எஞ்சினியர் படத்தைத்தான் பார்ப்பார். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் யாரும் சுவருக்குக் கீழே போகக்கூடாது. அதுதான் விதி.

இப்போது விஷயம். பதினேழாம் குறி, துறையின் தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணினால், முதல் நாள் 1402318.447 மீட்டர். நேற்று 1402318.478. ஏழு வாரத்தில் முப்பத்தொரு மில்லிமீட்டர் சாலைப் பக்கம் வந்திருக்கிறது. உன் படத்தில் அதற்கு நேராக 0.000. பதினொரு குறிகள் நகர்ந்திருக்கின்றன, உன் படத்தில் ஒன்பதுக்கு 0.000. மற்ற இரண்டும்தான் வேடிக்கை. பதினான்காம் குறி போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தது. உன் படம் அதை நூற்றிருபத்தைந்து என்கிறது. அதற்கு முந்தின வாரம் இருபதாம் குறி, அதுவும் நூற்றிருபத்தைந்து.

முதல் தடவை ஏதோ கோளாறு என்று விட்டுவிட்ட எஞ்சினியர், இரண்டாம் தடவை பயந்துபோய் நேற்று முழுக்க சாலையை மூடிவிட்டார். பஸ்கள் வரிசை கட்டி நின்றன. இன்று காலை சுவர் நெடுகப் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு விரிசலும் இல்லாமல், நாலு பேர் முன்னால் என்னைக் கேட்கிறார்: "ஏம்மா, தூங்கிக்கிட்டே அளந்தீங்களா?" இருபத்தாறு வருட சர்வீஸில் என் காதில் விழாத வார்த்தை.

என் கை அப்படிச் செய்யவில்லை. கொஞ்சம் உட்கார்ந்து பார். சின்ன வயதிலிருந்தே நீ அவசரக்குடுக்கை. கணக்கைப் போட்டுவிட்டுச் சரிபார்க்காமல் விளையாட ஓடுவாய்.

அம்மா உன்னைக் கேட்டாள்.

அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

கையால் எழுதிய கடிதம் ஒன்று ஆபீஸுக்கு வந்திருக்கிறது என்று பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள். "காதல் கடிதமா?" என்று கேட்டார்கள். "இல்லை, கழித்தல் கணக்கு" என்றேன்.

கோபப்படாதே. உட்கார்ந்து பார்த்தேன். ப்ரோக்ராமில் தப்பு இல்லை. இது உன் முப்பத்தாறு குறிக்காக மட்டும் எழுதியது அல்ல, அக்கா. இன்னொரு இடத்தில் லேசர் கருவி ஒரே மூச்சில் இரண்டு கோடிப் புள்ளிகளை அளந்து கொடுக்கிறது. அதற்கும் இதே ப்ரோக்ராம்தான். இரண்டு கோடி எண்களை ஒரே பட்டியலாக வைத்து ஒரே தட்டில் கழிக்கிற ஆயத்தக் கணக்கு ப்ரோக்ராம் ஒன்று இருக்கிறது, லைப்ரரி என்போம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் நம்புகிறார்கள். எண்ணைக் கொடுத்தால் கூட்டிக் கழித்துத் தருவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அது தூங்காது, அதற்குக் கண் கலங்காது.

சொல்லப்போனால் உங்கள் ஆபீஸுக்காக நான் கூடுதலாகவே உழைத்திருக்கிறேன். உங்கள் பழைய கம்ப்யூட்டர் திணறுகிறது என்று டிசம்பரில் உன் எஞ்சினியர் குறைப்பட்டார். எண்கள் உட்காருகிற இடத்தைப் பாதியாக்கினேன். ஒரே ஒரு வார்த்தையைத்தான் மாற்றினேன். இப்போது பறக்கிறது. அதற்கு யாராவது நன்றி சொன்னார்களா?

தாவல் எங்கிருந்து வருகிறது என்று நீயே யோசி. கண்ணாடியில் தூசி, வெயிலில் கானல், அவசரத்தில் ஒரு இலக்கம் மாறிப்போவது. உனக்கும் ஐம்பத்தொன்று ஆகிறது. ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கொள்வதில் என்ன வந்துவிடப் போகிறது? இனிமேல் உனக்குக் கெட்ட பேர் வராதபடி ப்ரோக்ராமில் ஒரு காவல் வைத்துவிட்டேன். ஒரு குறி ஒரே வாரத்தில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் தாவினால், அதை அளவுப் பிழை என்று தள்ளிவிட்டு முந்தின வாரத்து எண்ணையே வைத்துக்கொள்ளும். சுவர் ஒரே வாரத்தில் அப்படியெல்லாம் தாவாது, தாவினால் அளக்கச் சுவரே இருக்காது. எஞ்சினியருக்கும் இதையே மரியாதையான பாஷையில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அவருக்குப் பரம திருப்தி.

இந்த வேலை எங்களுக்கு வந்ததே உன் சிபாரிசில்தான். அதற்காகவாவது கொஞ்சம் விட்டுக்கொடு. அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு பற்றிப் பேசுகிறார்கள்.

அம்மாவிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

கண் டாக்டரிடம் போனேன். தூரப் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார். சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் நகல் அனுப்புகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தப்பு செய்கிற கை ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுக்கா தப்பு செய்யும்? பதினான்கு தாவியது நூற்றிருபத்தைந்து. இருபதும் நூற்றிருபத்தைந்து. போன வாரம் பன்னிரண்டாம் குறி, உன் காவல்காரன் அதைத் தள்ளிவிட்டு அடியில் பொடி எழுத்தில் குறித்து வைத்திருக்கிறான், அதுவும் நூற்றிருபத்தைந்து. எனக்குத் தூக்கம் வந்தால் ஒரு நாள் நூறு போடுவேன், ஒரு நாள் எழுபது போடுவேன். மூன்று தடவையும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் போடுகிற கண் எந்தக் கண்? நீ படித்தவன், சொல்.

சொல்ல மாட்டாய். உனக்கு நேரம் இல்லை.

எஞ்சினியர் நேற்று ஒரு உத்தரவு போட்டார். நோட்டில் கழித்தல் கணக்கு எதுவும் கூடாது, எழுதுவதும் தட்டுவதும்தான் என் வேலை, நகர்வு எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். "உங்க தம்பி எழுதினதும்மா, பெருமைப்படுங்க" என்றார்.

எங்கள் கண்ணாடிக்காரரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? பதினொரு வருடமாக என்னோடு வருகிறார். நான் கருவியை வைப்பதற்குள் ஏணியோடு போய் முப்பத்தாறு கண்ணாடியையும் துடைத்துவிடுவார். ஒவ்வொன்றிலும் விரலால் ஒரு தட்டுத் தட்டி "வழி விடுங்க சார், சர்வேயரம்மா பாக்குறாங்க" என்று தூசியிடம் சொல்லிவிட்டுத்தான் துணியை எடுப்பார். வேலை ஆரம்பிக்குமுன் தினமும் என்னிடம் "போகலாமா?" என்று கேட்பார். நான் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினால் போவார். நேற்று அவரிடம் இனிமேல் நோட்டு இல்லை, கம்ப்யூட்டர்தான் என்றேன். "கம்ப்யூட்டர் எனக்கு என்ன மாமனா மச்சானா? நீங்க சொன்னா நான் போறேன்" என்றார்.

சரி. நீங்கள் எல்லோரும் ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு தடவை பார்த்து, மூன்றாம் தடவையும் பார்த்து எழுதுகிறேன். இனிமேல் உன் படத்தோடுதான் போகப்போகிறேன். நீ ஜெயித்துவிட்டாய்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

பன்னிரண்டு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அம்மா எடுத்து "அவ பேசமாட்டேங்கிறா" என்று மட்டும் சொன்னாள்.

உன் எஞ்சினியர் சொல்லித்தான் தெரியும். சுவரின் நடுவில் நாற்பது மீட்டர் சரிந்துவிட்டது என்றார். கண்ணாடிக்காரர் போய்விட்டார் என்றார். எனக்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. உனக்கு அடி எதுவும் படவில்லையே?

இரண்டு நாளாக மழையாமே. மழைதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படித்தான் இருக்கும். நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

உன் அளவு நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது?

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

ஒரு பக்கம் ஒப்பாரி வைத்துவிட்டு, கடைசி வரியில் நோட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற வரிகள் என்று எனக்குப் புரியாதா?

நோட்டு விசாரணைக் குழுவிடம் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

மார்ச் நான்காம் தேதி திங்கட்கிழமை பதினேழாம் குறி 1402318.502. நோட்டில் கழிக்கக்கூடாது என்று சொன்னார்கள். மனசில் கழிக்கக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஐம்பத்தைந்து மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. அறைக்கு வந்து தட்டினேன். உன் படம் 0.000 என்றது. எஞ்சினியரிடம் வாயைத் திறந்தேன். அவர் படத்தைக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பதினோராம் தேதி காலை ஏழரை. மழை விட்டிருந்தது. கண்ணாடிக்காரர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வழக்கம்போல "போகலாமா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போங்க. கம்ப்யூட்டர்ல பூஜ்யம்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

பதினேழில் ஈரம் படிந்திருந்தது. அவர் துடைப்பதைக் கருவி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலால் தட்டினார். வாய் அசைந்தது. குறுக்குக் கோட்டின் நடுவில் இருந்த கண்ணாடி மெதுவாகக் கீழே இறங்கியது. என்ன செய்தேன் நான்? கத்தவில்லை. கருவிதான் ஆடுகிறது என்று நினைத்துக் கருவியைப் பிடித்தேன். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். உங்கள் எல்லோர் பேச்சையும் கேட்டுக் கேட்டு, சுவர் விழுவதைக் கண்ணால் பார்த்தும் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். தலையை நிமிர்த்தியபோது சரிந்த மண்ணைத் தவிர எதிரே ஒன்றும் இல்லை.

இப்போது குழு சொல்வது இது. கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருக்கிற அளவுகளும் என் நோட்டும் பொருந்தவில்லை. நான் .502 என்று எழுதிய இடத்தில் கம்ப்யூட்டரில் .500 இருக்கிறது. முதல் நாள் .447 என்று எழுதியதற்கும் .500தான் இருக்கிறது. ஆகவே சுவர் விழுந்த பிறகு, என்னைக் காப்பாற்றிக்கொள்ள, நான் உட்கார்ந்து நோட்டைத் திருத்தி எழுதிவிட்டேனாம். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி விசாரணை. அன்று தீர்மானமாகிவிடும், நான் சர்வேயரா, பொய்க்காரியா என்று.

கண்ணாடிக்காரர் வீட்டம்மா ஆஸ்பத்திரியில் துணி தேய்க்கிற வேலை பார்க்கிறாள். பத்தாம் நாள் போயிருந்தேன். அழவில்லை. "அளந்தது நீங்கதானேம்மா? ஒண்ணும் தெரியலையா?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன். வேறு எதுவும் எழுத வேண்டாம். நோட்டு சரியா, படம் சரியா?

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நோட்டு சரி.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை அப்படியே வைத்திருந்தேன். இப்போதுதான் அடுத்த வரி.

சுவர் விழுந்த மறுநாள் செய்தது, அன்றைக்கே செய்திருக்க வேண்டியது, ரொம்பச் சின்ன வேலை. உன் பதினேழாம் குறியின் எண்ணை மட்டும் எடுத்து அந்தப் பட்டியலில் போட்டேன். 1402318.447. போட்ட எண்ணைத் திருப்பிக் கேட்டேன். 1402318.5 என்று கொடுத்தது. .478 போட்டேன், .5 கொடுத்தது. .502 போட்டேன், .5 கொடுத்தது.

எண்கள் உட்காருகிற இடத்தைப் பாதியாக்கினேன் என்று பெருமையாக எழுதியிருந்தேனே, அதுதான். ஒரு எண்ணுக்கு அறுபத்து நான்கு பிட் இடம் என்று இருந்ததை முப்பத்திரண்டு ஆக்கினேன். முப்பத்திரண்டில் ஏழு இலக்கம்தான் உருப்படியாக நிற்கும். உன் எண்ணுக்குப் பத்து இலக்கம். உங்கள் துறை தூரத்தை எண்ண ஆரம்பிக்கிற இடம் சுவரிலிருந்து ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஏழாவது இலக்கத்திலேயே மூச்சு முட்டிவிடுகிறது, மில்லிமீட்டர் வரை வருவதே இல்லை. அவ்வளவு பெரிய எண்களில் அதற்குப் படிக்கட்டு பன்னிரண்டரை சென்டிமீட்டர். இந்தப் படியில் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த படியில் நிற்கும். நடுவில் கால் வைக்க இடம் கிடையாது. உன் பதினேழு ஒரே படிக்குள் நகர்ந்துகொண்டிருந்தது, அதனால் பூஜ்யம். பதினான்கு ஐந்து மில்லிமீட்டரில் படி மாறியது, அதனால் நூற்றிருபத்தைந்து. படி மாறின குறிகள்தான் உண்மையைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றின் வாயில் துணி அடைக்கக் காவல் வைத்தவன் நான்.

லைப்ரரி எச்சரிக்கவில்லையா என்று கேட்பாய். அது எச்சரிக்காது. சொன்னதைச் செய்யும், மிச்சத்தை வெட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். இது ரகசியம் ஒன்றும் இல்லை, இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் மாதத்தில் படிக்கிற பாடம். நான் புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுத்திருக்கிறேன். முதல் நாள் எண்ணைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பட்டியலில் போட்டிருந்தால் போதும். ஒரு கழித்தல். நீ இருபத்தாறு வருடமாக நோட்டில் போட்ட அதே கழித்தல்.

0.000 என்று மூன்று இலக்கம் காட்டச் சொன்னதும் நான்தான், பார்க்க நன்றாக இருக்கும் என்று. அதில் ஒரு பூஜ்யத்துக்குக்கூட அர்த்தம் இல்லை.

நீ தட்டிய மூல எண்கள் வாராவாரம் எங்களுக்கு வந்துவிடும். மார்ச் நான்காம் தேதியுடையதும் இருக்கிறது, தேதி நேரத்தோடு, .502 என்று. நீ நோட்டைத் திருத்தவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கோபப்படாமல் கேள். நோட்டு சரி என்று நான் வந்து சொன்னால் உன் மேல் இருக்கிற பொய்க்காரிப் பட்டம் போகும். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி என்ன? அன்றைக்கே ஐம்பத்தைந்து என்று உனக்குத் தெரிந்திருந்தது, ஐம்பதைத் தாண்டினால் யாரும் கீழே போகக்கூடாது என்பது விதி, பிறகு ஏன் அவரை அனுப்பினாய் என்பார்கள். பொய்க்காரிக்கு வேலைதான் போகும், அக்கா. இதற்கு வழக்கே வரும். எங்கள் கம்பெனியிலும் வெளியே யாருக்கும் எதுவும் எழுதக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கருவி பழசு, மழையில் கோளாறு என்று நீ சொல். நாங்களும் அதை மறுக்க மாட்டோம். இரண்டு பேரும் தலை தப்பலாம்.

படித்துவிட்டு இதைக் கிழித்துவிடு.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

கிழிக்கவில்லை.

நோட்டு சரி என்ற இரண்டு வார்த்தையைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு மனுஷன் மண்ணுக்குள் போயிருக்கிறார், எனக்கு என் கண் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷம். அது அரை நிமிடம் இருந்திருக்கும். அப்புறம் போய்விட்டது, இனிமேல் வராது.

நீ பயமுறுத்துகிற அந்த அடுத்த கேள்வி எனக்குத் தெரியாதா? தினமும் காலை ஏழரை மணிக்கு நானே அதைக் கேட்டுக்கொள்கிறேன். ஐம்பத்தைந்து என்று தெரிந்தும் அனுப்பினேன். என்னைவிட ஒரு திரையை நம்பினேன். அது உன் திரை என்பதால் நம்பினேன். வேறு யாராவது எழுதியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டுச் சாலையை மறித்து உட்கார்ந்திருப்பேன். அதைக் குழுவில் நானே சொல்லப்போகிறேன். என்ன வருமோ வரட்டும். ஆனால் நான் மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள், நோட்டைத் திருத்தியவள் கதையையும் திருத்துகிறாள் என்பார்கள். உன் மூல எண்கள் வேண்டும். நீ வர வேண்டும்.

கருவியைப் பழி சொல்லச் சொல்கிறாயே, நல்ல யோசனை. அதற்கும் வாய் இல்லை, அவருக்கும் இப்போது வாய் இல்லை. இரண்டு பேர் தலையில் கட்டிவிட்டு நாம் இரண்டு பேரும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், இல்லையா?

உன் கடிதத்தை நான் குழுவிடம் காட்ட மாட்டேன். காட்டினால் நீ மாட்டிக்கொண்டதாக ஆகும். நீயாக வந்து சொன்னால்தான் சொன்னதாக ஆகும். நீ என் தம்பி என்பதற்காக இந்த ஒரு தடவை இடம் விடுகிறேன்.

இருபத்திரண்டு, காலை பத்து மணி. பெரிய ஆபீஸ், இரண்டாம் மாடி. வா.

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

பஸ் நிலையம் வரைக்கும் வந்தேன். நீ நம்ப மாட்டாய். டிக்கெட் கையில் இருக்கிறது.

கம்பெனியிலிருந்து ஒரு விளக்கக் கடிதம் குழுவுக்குப் போயிருக்கிறது. "ப்ரோக்ராம் வடிவமைத்தபடியே இயங்கியது" என்று அதில் ஒரு வரி. கீழே என் கையெழுத்து. அந்த வரியில் பொய் இல்லை, அக்கா. அது வடிவமைத்தபடியேதான் இயங்கியது.

என்னால் முடிந்ததை வேறு வழியில் செய்கிறேன். கொஞ்சம் பொறு.

தம்பி


மே 7

தம்பிக்கு,

விசாரணையில் நடந்தது உனக்கு வேறு யார் சொல்லியாவது தெரிந்திருக்கும். ஆனாலும் என் வாயால் கேள்.

நான் எழுந்து நின்று சொன்னேன். "நோட்டு சரி. நாலாந்தேதியே அம்பத்தஞ்சு. எனக்குத் தெரியும். நான்தான் போகச் சொன்னேன்." குழுவில் இருந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகு எஞ்சினியர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். பிப்ரவரியில் நீ அவருக்கு மரியாதையான பாஷையில் எழுதியது. "அளவையாளர் அனுபவம் மிக்கவர். எனினும் வயதின் காரணமாகப் பார்வைத் துல்லியம் குறைந்திருக்கக்கூடும்." நல்ல நடை. அடுத்து உன் கம்பெனியின் கடிதம். கண் டாக்டர் சீட்டை நீட்டினேன். ஒருவரும் கையை நீட்டி வாங்கவில்லை.

முடிவு வந்துவிட்டது. காரணம் மழை. நோட்டில் இருக்கிற வித்தியாசம் வேண்டுமென்று செய்தது அல்ல, பார்வைக் குறைவினால் வந்தது. நான் சொன்னது அதிர்ச்சியில் சொன்னது. யார் மேலும் குற்றம் இல்லை. எனக்கு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளச் சிபாரிசு. வேலையும் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். நீ கேட்டபடியே இரண்டு பேரும் தலை தப்பிவிட்டோம். ஒரு கொலைக்கு இவ்வளவு சுலபமாக விடுதலை வாங்கிக் கொடுப்பார்கள் என்று தெரிந்திருந்தால் நான் தண்ணீர் கூடக் குடித்திருக்க மாட்டேன்.

நேற்று திங்கட்கிழமை. மிச்சச் சுவரை அளக்கப் போனேன். கண்ணாடியை நானே துடைத்தேன். ஏணியை இன்னொருவரிடம் கொடுக்க மனசு வரவில்லை. அறைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்து எண்களைத் தட்டினேன். படம் வந்தது.

நேற்றைய படம் மட்டும் இல்லை. டிசம்பரிலிருந்து எல்லா வாரமும் புதிதாக வந்திருந்தன. விழுந்துபோன குறிகளும் இருந்தன. பதினேழு ஒரு கோடாக ஏறிக்கொண்டே போனது. பிப்ரவரி ஐந்து, 0.031. மார்ச் நான்கு, 0.055. என் நோட்டில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும். தாவல் எங்கேயும் இல்லை. உன் காவல்காரனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாய் போலிருக்கிறது. அந்த ஒரு கழித்தலைப் போட்டுவிட்டாய். ஒரு வரி சொல்லாமல், யாருக்கும் தெரியாமல், எங்கிருந்தோ உட்கார்ந்துகொண்டு.

வேறு வழியில் செய்கிறேன் என்றாயே, இதுதானா? நான் பார்த்து ஆறுதல் அடைய வேண்டும் என்றா? உன் மனசாட்சிக்கு நீ செய்கிற சேவையா? எஞ்சினியரும் படத்தைப் பார்த்தார். "இப்ப நல்லா வேலை செய்யுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் புரியவில்லை என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றைக் குழுவின் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை போட்ட ரசீது வாங்கிக்கொண்டேன். விசாரணை முடிந்துவிட்டது, ஃபைலில் சேர்த்து வைக்கிறோம் என்றார்கள்.

இன்னொன்றை எடுத்துக்கொண்டு சாயங்காலம் கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போனேன். தேய்க்கிற வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். கை இரண்டும் சூட்டில் சிவந்திருந்தது. தரையில் படத்தை விரித்து, பதினேழாம் கோட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினேன். "அன்னிக்கு ஒண்ணும் தெரியலையான்னு கேட்டீங்களே. தெரிஞ்சுது. அஞ்சரை சென்டிமீட்டர். தெரிஞ்சும் நான்தான் போங்கன்னேன்" என்றேன்.

"அஞ்சரைன்னா எவ்ளோம்மா?" என்று கேட்டாள். என் கையில் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன். அவளும் தன் விரல்களை அதே அளவுக்கு விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

பிறகு "இத்தனை நாளா இந்தப் படம் எங்க இருந்துச்சு?" என்றாள். என் தம்பியிடம் என்றேன். "அவரு ஏன் சொல்லல?" என்றாள். அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. உன்னுடைய ஏப்ரல் ஆறாம் தேதிக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

குழுவிடம் காட்ட மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். காட்டவில்லை. அவளிடம் காட்ட மாட்டேன் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதை வைத்து அவள் வழக்குப் போடலாம், என் மேலும் போடலாம், அடுப்பில் போடலாம். அவள் பாடு. வேலையை விட்டுவிட எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆனால் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் சொல்லி அனுப்புவேன். அதைத் தவிர இனிமேல் எனக்கு எழுதாதே. எழுத வேண்டும் என்று தோன்றினால் அவளுக்கு எழுது. ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டிருக்கிறாள். விலாசம் தனித்தாளில் இருக்கிறது.

அக்கா